டம்ளரில் ஒரு விரல் தண்ணீர்

கட்டிலருகே முக்காலியில் அந்தக் கண்ணாடி டம்ளர் அப்படியே இருக்கிறது. பாதி குடித்து வைத்துவிட்டு, "வந்து குடிச்சுக்கறேன்" என்று வேலைக்குக் கிளம்பியவர் வழியில் விபத்தில் இறந்து இன்றோடு இருபத்தாறு நாள். பாதி டம்ளர் தண்ணீர் இப்போது ஒரு விரல் அளவுக்கு வற்றிவிட்டது. இறங்கிய வழியெங்கும் ஒன்றன்கீழ் ஒன்றாக வெள்ளை வளையங்கள். சாய்ந்த வெயில் படும்போது விளிம்பில் உதட்டுத் தடம்கூடத் தெரிகிறது. குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் மனைவி கட்டிலில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஜன்னல் இடுக்குகளில் டேப் ஒட்டியிருக்கிறாள். கதவின் அடியில் பழைய துண்டு ஒன்றைச் செருகியிருக்கிறாள். வெளியே குளிர். ஜன்னல் கண்ணாடியின் உட்புறம் வியர்த்திருக்கிறது.

உள்ளே வந்த நாத்தனார் முகத்தைச் சுளிக்கிறாள். "என்ன அண்ணி, ரூமை இப்படி அடைச்சு வச்சிருக்கீங்க? மூச்சு முட்டுது. அந்த டம்ளரையாவது கழுவிடட்டுமா?"

"வேணாம்."

நாத்தனாரின் கை ஜன்னல் கொக்கிக்குப் போகிறது.

"அதைத் திறக்காதே." பரிசோதனை முடிவை வாசிப்பதுபோல் நிதானமாகச் சொல்கிறாள். "உப்பு மட்டும்தான் டம்ளர்ல தங்கும். தண்ணி ஆவியாயிடும். உங்க அண்ணன் வாய் வச்ச தண்ணி அது. வெளிய போகல, இந்த ரூம்லதான் இருக்கு."

கொக்கியிலிருந்து கை இறங்குகிறது. கண்ணாடியின் ஈரத்தை நாத்தனார் விரல் நுனியால் தொடுகிறாள். ஒரு துளி திரண்டு வழிகிறது. பிறகு அண்ணியை ஒட்டி உட்கார்ந்து, நெஞ்சு நிறைய மூச்சை இழுக்கிறாள். வெகுநேரம் அதை வெளியே விடவில்லை.