ஏழில் வைத்த குளிர்

ஓய்வுக்காலத்துக்கென்று அயல்நாடு வந்த மறுநாள் காலை, பிரிட்ஜைத் திறந்தவள் அப்படியே நிற்கிறாள். கணவருக்காகக் கொண்டுவந்த மூன்று மாத இன்சுலின் குப்பிகளும் கல்லாக உறைந்திருக்கின்றன. “நாலு போதுங்க” என்றவளிடம், “பிரிட்ஜ் மெக்கானிக்குக்கே சொல்லித்தர்றியா?” என்று நேற்று குளிரை ஏழில் வைத்தவர் அவர்தான். இப்போது ஒரு குப்பியை உள்ளங்கையில் உருட்டி, “கரைஞ்சிடுச்சு, போடு” என்று சட்டையைத் தூக்குகிறார். குப்பிக்குள் வெள்ளைத் துகள்கள் மிதக்கின்றன. மேசையில் சுகர் மெஷின் முந்நூற்று நாற்பது காட்டுகிறது. புது இன்சுலினுக்குச் சீட்டு எழுதித்தர இந்த ஊர் டாக்டர் திங்கட்கிழமைதான் வருவார், இன்று வெள்ளி. “கெட்டுப்போனதைப் போட மாட்டேங்க.” “இங்க நமக்கு யாரைத் தெரியும்?” அவள் போய் எதிர்வீட்டுக் கதவைத் தட்டுகிறாள். உள்ளே காலடி நெருங்குகிறது. இந்த ஊர் பாஷை ஒரு சொல்லும் தெரியாது. ‘இன்சுலின், இன்சுலின்’ என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொள்கிறாள்.