ஒரு பைசா வராது

"பிளேன் இன்னும் பறக்கவே இல்ல. அதுக்குள்ள துட்டு எப்டி சார் பூடும்?"

பாஸ்கல் மேஜையில் ஓங்கித் தட்டினார். ஆவடி ரயில் ஸ்டேஷனுக்கு எதிர்மாடியில் இருந்த அந்தச் சின்ன டிராவல்ஸ் ஆபீசே அதிர்ந்தது. நர்ஸ் வேலைக்காக மஸ்கட் போகவிருந்த மகள் ஞானகுமாரிக்குத் திடீரென்று கல்யாணம் கூடிவந்துவிட்டதாம். டிக்கெட்டை ரத்து செய்து பணத்தை வாங்கிப்போக வந்திருந்தார்.

"அது அந்த மாதிரி டிக்கெட். கேன்சல் பண்ணா ஒரு பைசா வராது" என்றார் முதலாளி திருவேங்கடம், தலையை நிமிர்த்தாமல்.

டைப் அடித்துக்கொண்டிருந்த வசந்தகுமாரியின் விரல்கள் நின்றன. அந்த டிக்கெட்டைப் போட்டவளே அவள்தான். ரத்து செய்தால் கொஞ்சம் பிடித்துக்கொண்டு மீதியை விமானக் கம்பெனி தந்துவிடும். அப்படியானால் அந்த மீதி யார் பைக்குப் போகிறது?

பாஸ்கல் கத்தினார். பி.எஃப்பில் கடன் எடுத்துப் போட்ட காசு என்று கெஞ்சினார். போலீசுக்குப் போவேன் என்றும் மிரட்டினார். திருவேங்கடம் மசியவில்லை. கடைசியில் பாஸ்கல் டிக்கெட்டைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு, வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே படியிறங்கினார்.

வசந்தகுமாரிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இந்த ஆளையா இத்தனை நாள் நல்லவர் என்று நம்பினோம்? விறுவிறுவென்று பின்னாலேயே போய், ஸ்டேஷன் வாசலில் பாஸ்கலை நிறுத்தினாள். மவுண்ட் ரோட்டில் இருக்கும் விமானக் கம்பெனி ஆபீசில் டிக்கெட்டை நேராகக் கொடுத்தால் இன்றைக்கே ரத்து செய்வார்கள், முக்கால்வாசிக்கு மேல் பணம் கிடைக்கும் என்று விவரமாகச் சொன்னாள். அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ரயிலுக்கு ஓடினார்.

அவள் மூச்சிரைக்க மாடியேறி வந்து முதலாளி முன்னால் நின்றாள்.

"நாளைலேர்ந்து நான் வரமாட்டேன் சார். ஏழை வயித்துல அடிச்ச காசுல எனக்குச் சம்பளம் வேணாம்."

திருவேங்கடம் கோபப்படவில்லை. அவளை உட்காரச் சொன்னார்.

"நேத்து நீ லீவு. அந்தப் பொண்ணு தனியா வந்து ஒரே அழுகைம்மா. மாப்பிள்ளைக்கு அம்பது வயசாம், ரெண்டாந்தாரமாம். அப்பனுக்குக் கடன் கொடுத்த ஆளாம். 'பணம் திரும்ப வராதுன்னு மட்டும் சொல்லிடுங்க சார், காசு வீணாப் போவக்கூடாதுன்னே எங்கப்பா என்னை அனுப்பிடுவாரு'ன்னு கால்ல விழுந்துச்சு. அதான் பொய் சொன்னேன். இனிமே எப்படியும் அனுப்பிடுவான்."

வசந்தகுமாரி ஜன்னலுக்கு ஓடினாள். சென்ட்ரல் போகும் ரயில் நகர ஆரம்பித்திருந்தது.