சீனாக்காரிகள் புத்தகம்

"இதை நான் அடிக்க மாட்டேன் தாயி" என்று ப்ரூஃப் தாள்களை மேசையில் போட்டார் எங்கள் முதலாளி கண்ணுச்சாமி.

எதிரே இருந்த அழகுமீனாவுக்கு முகம் தொங்கிப்போயிற்று. சிவகாசியில் அவள் படியேறிய மூன்றாவது அச்சகம் எங்களுடையது. மற்ற இரண்டு அச்சகக்காரர்களும் அட்டையைப் பார்த்ததுமே கும்பிடு போட்டு அனுப்பிவிட்டார்களாம்.

ஞாயிற்றுக்கிழமை மதுரையில் கூட்டம். பெண்ணை விரும்பும் பெண்கள் நாற்பது பேர் முதல்முறையாக ஒன்றுகூடுகிறார்கள். அவர்கள் கையில் கொடுக்கத்தான் இந்தப் புத்தகம்.

அழகுமீனா சீனாவில் டாக்டருக்குப் படித்தவள். அங்கே கிடைத்த சிநேகிதிகள் பன்னிரண்டு பேரின் கதையை எழுதியிருந்தாள். பெண்ணைக் காதலிக்கும் பெண்கள் அங்கே தங்களை ‘லாலா’ என்று சொல்லிக்கொள்வார்களாம். ஊர் வைத்த கெட்ட பேர் வேண்டாம், எங்களுக்கு நாங்களே பேர் வைத்துக்கொள்கிறோம் என்று, வேலை போனாலும் விடாமல் கூட்டம் போட்டவர்கள். டைப் அடிக்கும்போதே எனக்கு அவர்களை ரொம்பப் பிடித்துவிட்டது. அதுவரை எனக்கு லாலா என்றால் அல்வாக் கடைதான்.

முதலாளிக்கோ சீனா என்றாலே ஆகாது. சீனப் பட்டாசு வந்து மச்சினன் கம்பெனி ஒரு சீசன் படுத்ததிலிருந்து சீனா செல்போனைக்கூடத் தொட மாட்டார்.

"சிவகாசியில உக்காந்துக்கிட்டு சீனாக்காரிக பெருமையை அடிக்கச் சொல்லுறியே" என்றார்.

அழகுமீனாவுக்கு வந்ததே கோபம். "சீனாவைச் சாக்குச் சொல்லாதீக அண்ணாச்சி. பொம்பளையும் பொம்பளையும் விரும்புறது உங்களுக்குப் பிடிக்கலை. அதை நேராச் சொல்லுங்க."

முதலாளி ஜன்னல் வழியே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய மனுசனாம் பெரிய மனுசன் என்று மனசுக்குள் திட்டித் தீர்த்தேன். கண் கலங்க ப்ரூஃப் தாள்களை எடுத்துக்கொண்டு அவள் எழுந்தாள்.

"அதை வை தாயி. பன்னெண்டு கதையும் படிச்சேன். நல்லாத்தான் இருக்கு. ஆனா நம்மூர்க்காரி ஒருத்திகூட இல்லையே. இது என்ன, சீனாவுல மட்டும் உள்ள சங்கதியா?"

ஊர் ஊராகக் கேட்டதாகவும், பேரும் படமும் என்றதும் எல்லோரும் பயந்துவிட்டதாகவும் அவள் சொன்னாள்.

வாசலில் ஏழாயிரம்பண்ணை ஊரிலிருந்து வேன் வந்து நின்றது. நாற்பத்தைந்து வயசிருக்கும் இரண்டு பெண்கள், பட்டுச்சேலையும் தலை நிறைய மல்லிகையுமாக, கையைக் கோத்துக்கொண்டு சிரித்தபடி இறங்கினார்கள்.

முதலாளிக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

"முந்தாநாள் உன் புத்தகத்தை இவுகளுக்குப் படிச்சுக் காட்டுனேன். எங்களையும் போடச் சொல்லுன்னு ஒத்தக்கால்ல நிக்குறாக. முதப் பக்கத்துல இவுக படம் வரட்டும். கீழே, ‘கண்ணுச்சாமி தங்கச்சி வெள்ளைத்தாயும் அவ வீட்டுக்காரி அக்தர் பேகமும், இருபது வருசமா ஒரே வீடு’ன்னு போடு. அப்புறந்தான் உன் சீனாக்காரிக."