முல்லைக்கு நட்ட கால்

அப்பா கடப்பாரையைக் கையில் எடுத்தபோது மணி ஒன்பது இருபது. அம்மாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

பத்து மணிக்குள் முதல் கால் மண்ணில் இறங்கியாக வேண்டும். அதற்குமேல் நேரம் சரியில்லை.

இதை அப்பாவிடம் சொல்ல முடியாது. அவரைப் பொறுத்தவரை அவர் போடுவது முல்லைக்கொடிக்குப் பந்தல். எங்களுக்கு அது என் கல்யாணத்தின் பந்தக்கால்.

அரவிந்தன் என்னோடு வேலை செய்கிறவன். முகப்பேரில் நாலாவது மாடியில் வீடு. அவன் வீட்டில் ஆவணிக் கடைசியில் நாள் பார்த்து வைத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். அப்பா ஒருவர்தான் அசையவில்லை.

"ஒரு முளைக்குச்சி அடிக்க மண்ணு இல்லாத ஊட்டுக்கா பொண்ணு குடுப்பாங்க? இந்தக் கல்யாணத்துக்கு என் கையால பந்தக்கால் நட மாட்டேன்."

இதை அவர் வீட்டுக்குள் சொல்லியிருந்தால் பரவாயில்லை. பாரிவாக்கம் டீக்கடையில், தன் தம்பி தங்கராஜை வைத்துக்கொண்டு, பத்துப் பேர் காதில் விழச் சொல்லிவிட்டார். ஜம்புலிங்கம் சொன்னால் சொன்னதுதான் என்று ஊரில் ஒரு பெயர் இருக்கிறது. அந்தப் பெயரைக் காப்பாற்ற நான் இரண்டு மாதமாக அழுதுகொண்டிருந்தேன். அவரும் என் முகத்தைப் பார்க்காமல் சாப்பிடப் பழகியிருந்தார்.

யோசனை அம்மாவுடையது. நட்ட பந்தக்காலைப் பிடுங்கினால் குடும்பத்துக்கு ஆகாது. அதை அந்த மனுஷன் கையாலேயே நட வைத்துவிட்டால் அப்புறம் எங்கே போவார்?

போன மழைக்காலத்தில் எங்கள் பழைய பந்தல் காற்றில் சாய்ந்து பக்கத்து வீட்டுக் கார் மேல் படுத்துவிட்டது. அம்மா அதையே பிடித்துக்கொண்டாள். இந்தத் தடவை நல்ல உறுதியாகப் போடுங்கள் என்று ஒரு வாரம் நச்சரித்து, வெள்ளிக்கிழமை காலை என்று நாளையும் வாங்கிவிட்டாள்.

அன்றைக்கு முகூர்த்த நாள் என்பது அவர் கண்ணில் படக்கூடாது. அதனால் விடிந்ததும் நாள்காட்டித் தாளைக் கிழித்துக் கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டாள். சுவரில் சனிக்கிழமை தொங்கியது.

அப்பா அதன் கீழேயே உட்கார்ந்து டீ குடித்தார். ஒன்றும் கேட்கவில்லை.

எங்களுக்கு அதிர்ஷ்டமும் கூடவே வந்தது. பந்தக்கால் ஈசானிய மூலையில் நடுவதுதான் வழக்கம். அந்த இடத்தை நாங்களாகக் கேட்டால் சந்தேகம் வரும் என்று கேட்காமல் இருந்தோம். அவரே அங்கே போய் நின்றார். அங்கேதான் வெயில் நன்றாக விழுமாம். அம்மா எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி வானத்தைப் பார்த்துக் கும்பிட்டாள்.

இரண்டடி ஆழத்துக்குக் குழி வெட்டினார். அடியில் உடைந்த செங்கல்லைப் பரப்பிக் குத்தினார். அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பது வருஷம் ஃபிட்டராக இருந்தவர். காலாக நடவிருந்த இரும்புக் குழாயின் அடியில் குறுக்கே ஒரு கம்பியை முந்தின நாளே வெல்டு வைத்துக்கொண்டு வந்திருந்தார். சிமென்ட் கலவை இறுகிவிட்டால் அந்தக் கம்பி குழாயை மேலே வர விடாது.

குழாயைப் பிடிக்க ஆள் வேண்டுமென்று சித்தப்பா தங்கராஜையும் அவரே போன் போட்டு வரவழைத்திருந்தார்.

நான் ஒரு பிடி நவதானியத்தைக் குழிக்குள் போட்டேன். முல்லைக்கு உரம் என்றேன். அம்மா கால் செம்புப் பாலை ஊற்றினாள். திரிந்த பால், வீணாகப் போவானேன் என்றாள். பிறகு குழாயில் மஞ்சளை அப்பினாள்.

"கரையான் வராது."

இரும்புக் குழாயில் கரையான். டீயில் அரை ஸ்பூன் சர்க்கரை குறைந்தால் அரை மணி நேரம் விசாரிக்கிற மனுஷர், ம் என்றார்.

ஒன்பது ஐம்பதுக்குக் கால் இறங்கியது. தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தார், கலவையைக் கொட்டினார், தண்ணீர் தேங்காமல் ஓட மேல்பக்கத்தைச் சரிவாகப் பூசினார். அம்மா புடவைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்த மாவிலைக் கொத்தை எடுத்துக் குழாய் உச்சியில் கட்டினாள். கட்டிவிட்டுத்தான், இது முல்லைக்கு இல்லை, பந்தக்கால் என்று சொன்னாள்.

அப்பா சிமென்ட் மூட்டை மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். தலையில் கை வைத்துக்கொண்டார்.

"பாத்துக்கடா தங்கராஜு. பொண்டாட்டியும் பொண்ணும் சேந்து என்னை ஏமாத்திட்டாங்க. நீதான் சாட்சி."

தெரு முனை வரை கேட்டிருக்கும். சித்தப்பாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"புடுங்கிப் போட்டுடு அண்ணாத்தே."

"இன்னா பேசற நீ? குறுக்குக் கம்பி வச்சிக்கீது. பொக்லைன் வந்தாலும் வராது."

அதோடு எழுந்து குளிக்கப் போய்விட்டார். போகும்போது இரண்டு மாதத்தில் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். கோபமாகத்தான் பார்த்தார். எனக்குத்தான் பாவமாக இருந்தது. ஊருக்குள் பெயரோடு இருந்தவரை இப்படித் தோற்கடித்துவிட்டோமே.

அவர் கழற்றிப் போட்ட சட்டையை அம்மா பக்கெட்டில் நனைக்கப் போனாள். வழக்கம்போலப் பையைத் துழாவினாள். கையில் ஒரு தாள் வந்தது.

அம்மா காலையில் கசக்கிப் போட்ட நாள்காட்டித் தாள். நீவி நான்காக மடிக்கப்பட்டிருந்தது. காலை ஒன்பது முதல் பத்து என்பதைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம். பக்கத்தில் அப்பாவின் கையெழுத்தில், "ஈசானியம், 2 அடி. தங்கராஜ் இருக்கணும்."

உள்ளே தண்ணீர் மொண்டு ஊற்றுகிற சத்தம் கேட்டது. இடையில் ஏதோ பழைய பாட்டு.

அம்மா தாளை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"உங்கப்பாகிட்ட சொல்லிடாதடி. ஏமாந்தவராவே இருக்கட்டும்."