இடது அவளுக்கு, வலது அவனுக்கு

பார்சல் வந்து ஐந்து நாளாயிற்று. அவன் அதைப் பிரிக்கவே இல்லை. அவ்வளவு கோபம்.

வீட்டிலேயே போட்டுவிட்டு வந்திருக்கலாம். அதற்கும் மனசு வரவில்லை. சைக்கிள் பந்தயத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்து, உடை மாற்றும் அறை பெஞ்சில் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, அதைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தான்.

சுற்றிலும் ஒரே கலகலப்பு. ஒருத்தனுக்கு அவன் மனைவி முதுகில் எண் அட்டையைக் குத்திவிட்டாள். இன்னொருத்தனைத் தண்ணீர் குடி, தண்ணீர் குடி என்று அவன் அப்பா பிராணனை வாங்கிக்கொண்டிருந்தார்.

இவனுக்கு யாரும் வரவில்லை. வரவேண்டிய அவசியத்தை இவனேதான் ஒழித்துக்கட்டியிருந்தான்.

இடது கை முழங்கைக்குக் கீழே போன புதிதில் வீடு கொள்ளாத கூட்டம். ஊட்டிவிட அக்கா, பொத்தான் போட்டுவிட மாமா. பிறகு இவன் பலகையில் ஆணி அடித்து, வெங்காயத்தை அதில் குத்தி நறுக்கப் பழகினான். கொக்கிக் கம்பியால் பொத்தான் மாட்டப் பழகினான். சைக்கிள் கைப்பிடியில் ஒரு கிண்ணம் பொருத்தி அதில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, இரண்டு பிரேக்கையும் ஒரே பிடியில் இணைத்து, விழுந்து விழுந்து எழுந்து, மூன்றாம் வருஷம் பதக்கமும் வாங்கிவிட்டான்.

எல்லாருக்கும் பெருமை தாங்கவில்லை. உனக்கென்னடா, எல்லாம் நீயே பார்த்துக்குவே என்று சொல்லிவிட்டு ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். கெட்டிக்காரனாக இருப்பதில் இப்படியும் ஒரு சங்கடம் இருக்கிறது.

மிஞ்சியது அவள் ஒருத்திதான். அவளையும் அவன் பார்த்ததில்லை.

சைக்கிள் கையுறையை எந்தக் கடையிலும் ஒற்றையாக விற்கமாட்டார்கள். செயற்கைக் கை பொருத்தும் இடத்தின் அறிவிப்புப் பலகையில் ஒருநாள் இவன் விலாசத்தோடு சீட்டு ஒட்டினான்: இடது கையுறை நாலு இருக்கிறது, சின்ன அளவு, புதுசு, சும்மா தருகிறேன்.

பத்தாம் நாள் வேறு ஊரிலிருந்து கடிதம். கை பொருத்தும் இடத்துக்குச் சிகிச்சைக்கு வந்துபோகிற ஒருத்தி. அவளும் சைக்கிள்காரி, வலது கை இல்லாதவள். 'அனுப்புங்க. என்கிட்ட வலது அஞ்சு தூங்குது. அது சரி, உங்க அளவும் என் அளவும் ஒண்ணா? அப்போ உங்களுக்குப் பொம்பளைக் கை!'

அன்று சிரித்தவன் அடுத்த வாரம்வரை சிரித்தான்.

ஒரு வருஷம் அவன் ஜோடி வாங்கி இடதை அனுப்புவான். மறு வருஷம் அவள் வாங்கி வலதை அனுப்புவாள். ஏழு வருஷம் இப்படியே ஓடியது. கூடவே ஒரு துண்டுச் சீட்டு, அதில் நாலு வரி கிண்டல். போன் நம்பரை அவனும் கேட்கவில்லை, அவளும் தரவில்லை. யார் முதலில் என்கிற வீம்பு.

போன வருஷம் இவன்தான் முதலில் தோற்றான். பதினோரு சீட்டைக் கிழித்துப்போட்டுப் பன்னிரண்டாவதை அனுப்பினான். 'அடுத்த பந்தயத்துக்கு வாங்க. வர்றதா இருந்தா கையுறையைத் தபால்ல போடாதீங்க. கையோட கொண்டு வாங்க.'

இந்த வருஷம் அவள் முறை. தபால்காரர் ஒன்றும் கொடுக்காமல் போன ஒவ்வொரு நாளும் இவனுக்குத் தலைகால் புரியவில்லை. புதுச் சட்டைகூட வாங்கினான். ஐந்து நாளைக்கு முன்பு அவர் மணியடித்துப் பார்சலை நீட்டினார்.

ஆக, வரமாட்டாளாம்.

போதாக்குறைக்குப் பார்சலைச் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தது. அவள் எப்போதும் டேப்தான் ஒட்டுவாள். ஒற்றைக் கையால் இந்த முடிச்சைப் போட முடியாது. கட்டிக்கொடுக்க யாரோ ஒரு ரெண்டு கைக்காரன் வந்துவிட்டான் போல. நல்லா இருக்கட்டும் மகராசி என்று வயிறெரிய வாழ்த்தினான்.

அவனுடைய பழைய கையுறை உள்ளங்கையில் கிழிந்து தொங்கியது. சோதிக்க வந்த நடுவர் உதட்டைப் பிதுக்கினார். இருப்பது ஒரே பிடி, அதுவும் வழுக்கினால் என்ன ஆகும்? வேறு இருந்தால் போடு, இல்லாவிட்டால் வண்டியை எடுக்காதே என்று சொல்லிவிட்டுப் போனார்.

வேறு வழியில்லை. பார்சலை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்தான்.

உள்ளே இரண்டு கையுறைகள் இருந்தன. வலதும் இடதும். ஜோடியைச் சேர்த்திருந்த பிளாஸ்டிக் நூல்கூட அறுபடவில்லை.

அவனுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. மறதிக்காரி! தன்னுடையதையும் சேர்த்து அனுப்பிவிட்டு அங்கே எதைப் போட்டுக்கொண்டு ஓட்டுவாள்?

அடியில் ஒரு தாள் இருந்தது. கையெழுத்து அவளுடையது இல்லை.

'அக்கா வாங்கி, உங்க விலாசம் எழுதி வெச்சிருந்தாங்க. ஒண்ணை மட்டும் பிரிச்சு அனுப்ப மனசு வரல. தபால்ல மட்டும் போட்டுடாதடான்னு ஆஸ்பத்திரியில கடைசி வரைக்கும் சொல்லிட்டே இருந்தாங்க. ஏன்னு எனக்குத் தெரியல. மன்னிச்சுக்குங்க.'

அவன் இரண்டாம் தடவை படித்தான். மூன்றாம் தடவை எழுத்து தெரியவில்லை.

வெளியே எண்களைக் கூப்பிடத் தொடங்கியிருந்தார்கள். நூலைக் கடித்து அறுத்து, வலது கையுறையைப் பல்லால் இழுத்து மாட்டிக்கொண்டான். இடதைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டான்.

வாசலில் நடுவர் பட்டியலோடு நின்றிருந்தார். "உன்கூட யாரும் வரலையா?"

"ஒருத்தங்க வர்றதா இருந்தாங்க சார்" என்றான்.