மூலையில் முளைத்த எழுத்து

"யாரு வேலை இது?"

உலை மேடம் போட்ட சத்தத்தில் ஆய்வுக்கூடமே எழுந்து நின்றது. பிரிவுத் தலைவிக்கு அந்தப் பட்டப்பெயர் அங்கிருக்கிற உலையால் வந்ததில்லை, சுபாவத்தால் வந்தது.

மைக்ராஸ்கோப் திரையில், சிலிக்கான் சில்லின் மூலையில், கறுப்பாக எழுத்துகள் முளைத்திருந்தன.

'சாப்பிட்டியா?'

பகல் ஷிஃப்ட் பார்க்கும் இளம்பெண் ஒருத்தி மட்டும் திரையிலிருந்து கண்ணை எடுத்துக்கொண்டாள்.

அங்கே நடப்பதும் ஒருவிதப் பயிர்த்தொழில்தான். சில்லின் மேல் இரும்புத் துகளைத் தூவி உலையில் வைத்து, வாயுவைச் செலுத்தினால், தூவிய இடத்தில் மட்டும் கார்பன் குழாய்கள் முளைக்கும். தலைமுடியெல்லாம் அதன் பக்கத்தில் தூண். வருங்கால எலெக்ட்ரானிக் கருவிகளுக்கு அதுதான் கம்பி என்கிறார்கள்.

ராத்திரி ஷிஃப்ட் பார்க்கும் அவள் புருஷன், சோதனைச் சில்லில் இரும்பை எழுத்தாகத் தூவிவிட்டுப் போவான். காலையில் இவள் படிப்பாள். பகலில் இவள் பதில் முளைக்க வைப்பாள், ராத்திரி அவன் படிப்பான். அவன் விசாரித்த சாப்பாடு செரித்து முடிந்த பிறகுதான் பதில் போய்ச் சேரும்.

போனில் பேசலாமே என்றால், உள்ளே போன் கூடாது. வெளியே வந்தால் ஒருத்தர் வேலையில், ஒருத்தர் தூக்கத்தில். லீவு நாளும் ஒத்து வராது. ஷிஃப்ட் மாறும்போது வாசலில் ஒரு நிமிஷம் பார்க்கலாம். அதுவும் தலையோடு கால் வெள்ளை அங்கி, முகமூடி. கல்யாணமாகி வருஷம் திரும்பவில்லை. புருஷனின் கண்ணைத் தவிர வேறெதையும் நிதானமாகப் பார்த்ததாக அவளுக்கு ஞாபகமில்லை. அவனோடு உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட வேண்டும். பெரிய ஆசையா அது?

"நாங்கதான் மேடம். நானும் எங்க வீட்டுக்காரரும்."

"புருஷன் பொண்டாட்டி ஒரே ஷிஃப்ட்ல இருந்தா வேலை நடக்காதுன்னுதான் பிரிச்சு வெச்சேன். இப்ப என் சில்லு மேலேயே குடும்பம் நடத்துறீங்களா?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மேடம் திரும்பியதும் சிரிப்பு உள்ளேயே போய்விட்டது.

"வேலையை விட்டு மட்டும் அனுப்பிடாதீங்க, மேடம்."

"அனுப்பல. ஆனா இன்னிக்கு வீட்டுக்குப் போகாதே. ராத்திரியும் நீதான் பார்க்கணும். இனிமே உனக்கு ராத்திரி ஷிஃப்ட். உன் வீட்டுக்காரரைப் பகலுக்கு மாத்திடறேன். அவர் நாளைக்கு வந்தா போதும்."

அப்படியானால் இன்றைக்கு வாசலில் அந்த ஒரு நிமிஷமும் போச்சு.

"மனுஷியா இது? ஒரு 'சாப்பிட்டியா'வுக்கு இவ்ளோ தண்டனையா?" தோழி பல்லைக் கடித்தாள்.

மதியம் முழுக்க மேடம் உலையை விட்டு நகரவில்லை. யாரையும் கிட்டே சேர்க்கவும் இல்லை.

சாயங்காலம் எல்லாரும் கிளம்பினார்கள். கடைசியாகப் போன மேடம் ஒரு சில்லை நீட்டினார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"இதையும் பார்த்து வை. மூலையை விட்டுடாதே."

முகமூடிக்குள் கண்ணீர் இறங்க, அவள் சில்லை மைக்ராஸ்கோப்பில் வைத்தாள்.

பின்னால் கதவு திறந்தது. வெள்ளை அங்கி, முகமூடி. அந்தக் கண்ணை அவளுக்குத் தெரியாதா?

"நீங்க எப்படி? பகலுக்கு மாத்திட்டாங்களே!"

"யாரு மாத்தினா? மேடம் போன் பண்ணி, எப்பவும் போல வாங்க, ஆனா ரெண்டு பேருக்குச் சாப்பாடு எடுத்துட்டு வாங்கன்னாங்க. எதுக்குன்னு கேட்டா, வெச்சுட்டாங்க."

திரையில் சில்லின் மூலை மெல்லத் தெளிவானது. எழுதிப் பழகாத கை போலிருக்கிறது. எழுத்துகள் கோணல்மாணலாக முளைத்திருந்தன.

'இனிமே நேர்லயே கேட்டுக்கோங்க. என் சில்லைக் கெடுக்காதீங்க!'