முதலாளிக்குத் தனிச் சாம்பார்

“ரெண்டு சிட்டிகைதான் போடணும் பானு. கூடிட்டா ஆளே போயிருவாரு” என்று சொல்லி, பேதி மருந்துப் பொட்டலத்தை மெஹர் பானுவின் கையில் திணித்தான் கடற்கரை.

சமையல் கொட்டகையில் வேறு யாரும் இல்லை. வெளியே சாரல் நின்றபாடில்லை. பானு பொட்டலத்தையும் அவன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“போனாத்தான் என்ன அண்ணாச்சி? மைனிய அள்ளிக் கொடுத்துட்டு நிக்கீங்க.”

“சாகக் கூடாதும்மா. செண்பகம் கெடந்த மாதிரி இதே ஆஸ்பத்திரிக் கட்டில்ல கெடக்கணும். வயித்தப் பிடிச்சுக்கிட்டு உருளணும். அத நான் நின்னு பாக்கணும்.”

குற்றாலம் ரோட்டில் இருந்த அந்தத் தர்ம ஆஸ்பத்திரிக்குச் சாப்பாட்டுக் காண்ட்ராக்ட் வல்லிநாயகத்துடையது. சீசன் வந்துவிட்டால் மனிதரைக் கையில் பிடிக்க முடியாது. அருவியில் குளிக்க வருகிறவர்களுக்காக லாட்ஜுகளுக்கும் அவர்தான் சமைத்து அனுப்புவார். அங்கே மிஞ்சுகிற சாம்பார், மறுநாள் புளியும் தண்ணீரும் சேர்த்துக் கொதிக்கவைக்கப்பட்டு நோயாளிகளின் தட்டுக்கு வந்துவிடும்.

போன சீசனில் குடல்வால் ஆபரேஷன் முடிந்து, எழுந்து நடமாடத் தொடங்கியிருந்த கடற்கரையின் மனைவி செண்பகவல்லி அந்தச் சாம்பாரைத்தான் சாப்பிட்டாள். வாந்தியும் பேதியுமாகக் கிடந்தவள் வீடு திரும்பவே இல்லை. “அவ வீட்டுல என்னத்தத் தின்னுட்டு வந்தாளோ!” என்று வல்லிநாயகம் ஆபீஸ் அறையில் யாரிடமோ சொல்லிச் சிரித்தது, வெளியே நின்ற கடற்கரையின் காதில் விழுந்தது. அந்தச் சிரிப்புக்காகத்தான் அவரிடமே அண்டா தூக்கும் வேலைக்குச் சேர்ந்தான். அவன் முகம்கூட அவருக்குத் தெரியாது. பாவிக்கு எத்தனை முகம்தான் ஞாபகம் இருக்கும்!

காத்திருந்ததற்கு இன்றுதான் வழி கிடைத்தது. சாப்பாட்டை டாக்டர் ருசி பார்த்த பிறகே பரிமாற வேண்டும் என்பது அங்கே பெயருக்கு இருந்த வழக்கம். புதிதாக வந்திருந்த டாக்டரம்மா அபர்ணா அதைக் கொஞ்சம் மாற்றிவிட்டாள். “நாளைக்கு நீங்களே வார்டுல உட்கார்ந்து, எல்லாரும் பார்க்கச் சாப்பிடுங்க” என்று நேற்றே வல்லிநாயகத்திடம் கறாராகச் சொல்லியிருந்தாள்.

அவரா அசருகிற ஆள்? காலையிலேயே கொட்டகைக்குள் தலையை நீட்டி, “ஏட்டி பானு, எனக்கு மட்டும் புதுசா நல்ல சாம்பாரா வச்சு, ஒரு தூக்குச்சட்டியில தனியா கொடுத்து விடு” என்று உத்தரவு போட்டுவிட்டார்.

“அந்தத் தூக்குச்சட்டி எம் பொறுப்பு. நீங்க அண்டாவ எடுத்துட்டுப் போங்க அண்ணாச்சி” என்றாள் பானு.

வார்டின் நடுவே நாற்காலி போட்டு வல்லிநாயகம் உட்கார்ந்தார். சட்டை கசங்காமல், நெற்றித் திருநீறு கலையாமல் மாப்பிள்ளை மாதிரி இருந்தார்.

“அது என்ன, உங்களுக்கு மட்டும் தனிப் பாத்திரம்?” என்று கேட்டாள் அபர்ணா.

“ரெண்டும் ஒரே சாம்பார்தான் டாக்டர். அண்டாவுல இருந்து ஊத்துனா சிந்திரும்னு முன்னாலயே எடுத்து வச்சிருக்கோம்.”

முதல் வாய் உள்ளே போனதும் அவர் முகம் கோணிக்கொண்டது. நிமிர்ந்து, அண்டாவின் பக்கத்தில் நின்ற கடற்கரையை எரித்துவிடுவதுபோல் பார்த்தார். மருந்து வாடை தெரிந்துவிட்டதோ என்று அவனுக்குத் திக்கென்றது.

ஆனால் துப்பவும் முடியாதே! வார்டே அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. துப்பினால் காண்ட்ராக்ட் அதோடு சரி.

“எப்படி இருக்கு?”

“ரொம்ப நல்லாருக்கு டாக்டர்” என்று கண்ணில் நீர் முட்ட விழுங்கினார்.

“அப்ப மிச்சம் வைக்காமச் சாப்பிடுங்க. நான் ரவுண்ட்ஸ் முடிச்சுட்டு வந்த பிறகு எல்லாருக்கும் பரிமாறலாம்.”

தின்னு, நல்லாத் தின்னு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே ஒவ்வொரு கவளத்தையும் பார்த்து நின்றான் கடற்கரை.

டாக்டரம்மா திரும்பி வருவதற்குள் வல்லிநாயகம் கழிப்பறைக்கும் வராந்தாவுக்குமாக ஓடிக் களைத்துவிட்டார். வாந்தி வேறு. இரண்டு பேர் தாங்கிக்கொண்டு போய்க் கட்டிலில் போட்டு, கையில் ட்ரிப் ஏற்றினார்கள். “அம்மா, அம்மா” என்று அவர் முனகியதைக் கேட்கக் கேட்கக் கடற்கரைக்கு இனித்தது.

அந்த இனிப்பு வெகுநேரம் நீடிக்கவில்லை.

“அண்டாவை யாரும் தொடாதீங்க! நோயாளிங்களுக்குப் பாலும் பிரெட்டும் வாங்கிக் கொடுங்க” என்று சத்தம் போட்டாள் அபர்ணா. “அந்தத் தூக்குச்சட்டியில ஒட்டியிருக்கிறதை லேபுக்கு அனுப்புங்க. போலீசுக்கும் சொல்லிருங்க. இதுக்குக் காரணமானவங்க யாரா இருந்தாலும் தப்பக் கூடாது.”

கடற்கரைக்குப் பானுவின் நினைப்புதான் வந்தது. தான் மாட்டினால் மாட்டிவிட்டுப் போகிறது. அவனுக்காக இதில் இறங்கிய பானுவுக்கு இரண்டு பிள்ளைகள். சாரலில் நனைந்துகொண்டே கொட்டகைக்கு ஓடினான்.

“பானு, கெளம்பு! செங்கோட்டை போயி கொல்லம் வண்டியப் பிடிச்சிரு. மிச்சத்த லேபுக்கு அனுப்புதாங்க, மருந்து தெரிஞ்சிரும். போலீஸ் கேட்டா நாந்தான் கலந்தேன்னு சொல்லிருதேன்.”

பானு பதறவில்லை. அடுப்பைத் தணித்துவிட்டு அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

“நான் மருந்தே போடல அண்ணாச்சி, வார்டுச் சாம்பாரத்தான் ஊத்தி வச்சேன்.”